ரம்பத்தைக் கீழே வையுங்கள், அண்ணா

அண்ணா,

வாசலோரப் பனையை வெட்டப்போகிறீர்கள் என்று கேள்விப்பட்டேன். பொதுவில் எழுதுவது உங்களுக்குப் பிடிக்காது. ஆனால் ஃபோனை நீங்கள் எடுப்பதில்லை. தோட்டம் எங்கே இருக்கிறது, அன்று சுற்றிப் பார்க்க யார் யார் வந்தார்கள் என்பதெல்லாம் இங்கே வேண்டாம்.

அந்த ஒரு நொடிதான் திரும்பத் திரும்ப வருகிறது. எல்லோரும் சுற்றி நிற்க, அந்த வாசலோரப் பனையின், அதாவது குளிர் தாங்கும் ட்ராக்கிகார்பஸ் ஃபார்ச்சுனையின், நடுக்குருத்தைப் பிடித்து இழுத்தேன். கையோடு வந்துவிட்டது. அடிப்பாகம் பழுப்பாகக் குழைந்து, புளித்த வாடை. யாரும் பேசவில்லை.

விருந்தினர் முன்னால் அதைச் செய்திருக்கக் கூடாது. மன்னித்துவிடுங்கள். ஆனால் நல்ல குருத்து அப்படிக் கழன்று வராது. பனி விலகியதும் மெல்ல இழுத்துப் பார்ப்பதே அழுகல் கீழே இறங்குமுன் கண்டுபிடிக்கத்தான். பனைக்குப் பக்கக்கிளை கிடையாது. அந்தத் தண்டுக்கு இருப்பது ஒரே வளர்முனை. அழுகல் அதைத் தொட்டால் மரம் போயிற்று.

குளிர்காலத்தில் மரத்துக்குப் பாலித்தீன் சுற்றாதீர்கள் என்று எத்தனை முறை சொன்னேன்! நன்றாக வேரூன்றிய ஃபார்ச்சுனை ஓரிரவு −12 டிகிரியைத் தாங்கும். உங்கள் மரத்தைக் கெடுத்தது ஈரம். பகல் வெயிலில் உறைக்குள் வியர்த்த நீர் குருத்தின் இடுக்கில் இறங்கி, இரவில் உறைந்து திசுவைக் கிழித்தது. அந்தக் காயத்தில் பாக்டீரியாவும் பூசணமும் புகுந்தன. மட்டைகளை மேல்நோக்கிச் சேர்த்துக் கட்டி, காற்றுப் புகும் துணியைச் சுற்றி, கொண்டைக்கு மேல் மழை படாமல் ஒரு சிறு கூரை, அடியில் 15 செ.மீ. மூடாக்கு. இவ்வளவுதான் தேவைப்பட்டது. நான் சொன்னதாலேயே நீங்கள் செய்யவில்லை என்று இன்னும் தோன்றுகிறது.

ஆனாலும் அந்த ஊசிப்பனையை உங்களைப் போல யார் நட்டிருப்பார்கள்? ராபிடோஃபில்லம் என்ற அந்த இனம் −20 டிகிரிக்குக் கீழேயும் பிழைக்கும், ஆனால் வளர்த்தி ஆமை வேகம். அதை ஆழப் புதைக்காமல், இருந்த மட்டத்திலேயே வைத்து, கோடைத் தொடக்கத்தில் நட்டீர்கள். வேர் பிடிக்க ஒரு கோடை முழுக்கக் கிடைத்தது. சபால் மைனர் என்ற குட்டைப் பனையின் வளர்முனை மண்ணுக்குள் ஒளிந்திருப்பதை நீங்கள் காட்டியபிறகுதான் அது எப்படிப் பிழைக்கிறது என்று எனக்கு விளங்கியது. இமயத்துக் குமாவுன் மலையின் டகில் பனையைப் பற்றியும் நீங்கள்தான் தெளிவுபடுத்தினீர்கள்: அந்தப் பெயரில் விற்கும் விதைகளில் பல வெறும் ஃபார்ச்சுனை என்று வந்தவர்களிடம் மறைக்காமல் சொன்னீர்கள்.

அதனால் கேட்கிறேன், இந்தக் கோடை முடியும்வரை பொறுங்கள். குருத்துக் குழியில் அழுகியதைக் கரண்டியால் வழித்தெடுங்கள். 3% ஹைட்ரஜன் பெராக்சைடை ஊற்றி, நுரை அடங்கியதும் பஞ்சால் ஒற்றிக் காயவிடுங்கள். நன்றாக உலர்ந்த பிறகே காப்பர் ஆக்சிகுளோரைடு என்ற பூசணக்கொல்லி, டப்பாவில் போட்ட அளவில். மழை உள்ளே விழக் கூடாது. பச்சை மட்டை ஒன்றைக்கூட வெட்டாதீர்கள். மரம் இப்போது அவற்றை நம்பித்தான் இருக்கிறது. பன்னாடையையும் உரிக்க வேண்டாம். உரம் இப்போதைக்கு வேண்டவே வேண்டாம்.

நடுவில் மிஞ்சிய இளமட்டைக் காம்பிலும் அதை ஒட்டிய பழைய காம்பிலும் ஒரே உயரத்தில் மையால் கோடு போடுங்கள். வாரம் ஒருமுறை பாருங்கள். இளங்காம்பின் கோடு மேலேறினால் உள்ளே உயிர் இருக்கிறது. முதலில் வரும் மட்டை நுனி கருகி, கத்தரித்தது போல மொட்டையாக வரும். அது சேதம் நடந்தபோதே உள்ளே உருவாகியிருந்தது. அதைப் பார்த்து ரம்பத்தை எடுத்துவிடாதீர்கள், அண்ணா. அடுத்ததும் கொஞ்சம் குறையோடுதான் வரும்.