ஃப்ளூவுக்கு எங்கள் ஊரில் வேறு நாட்காட்டி

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற வாரம் தங்கள் இதழின் மருத்துவப் பக்கத்தில் ஃப்ளூ காய்ச்சல் பற்றி வந்த கட்டுரை எளிய நடையில் இருந்தது, பலரும் படித்திருப்பார்கள். அதனாலேயே அதில் உள்ள இரண்டு செய்திகளைத் திருத்தியாக வேண்டும் என்று எழுதுகிறேன். ஃப்ளூ குளிர்நாட்டு நோய், குளிர்காலத்தில் அங்கிருந்துதான் நம்மிடம் வருகிறது என்பது ஒன்று. ஆகவே இந்தியாவில் எங்கே இருப்பவரானாலும் நவம்பர் கடைசிக்குள் தடுப்பூசி போட்டுக்கொண்டால் போதும் என்பது மற்றொன்று. வேலூரில் இருக்கும் என்னைப் போன்றவர்களுக்கு இந்த யோசனை மழை விட்டபின் குடை கொடுப்பதைப் போன்றது.

நான் மருத்துவ ஆய்வகம் ஒன்றில் நுட்பநராக இருந்து ஓய்வு பெற்றவன். மூக்கிலும் தொண்டையிலும் எடுத்த சளி மாதிரிகள் இளஞ்சிவப்புத் திரவம் உள்ள சிறு குப்பிகளில், ஐஸ் பைகளுக்கு நடுவே, தெர்மாகோல் பெட்டியில் எங்களுக்கு வரும். வழியில் பாக்டீரியா புகுந்து கெட்டுப்போன குப்பியில் திரவம் மஞ்சளாகியிருக்கும், அதை ஒதுக்கிவிடுவோம். மே மாதத்தில் பெட்டியைத் திறந்தால் ஒன்றிரண்டு குப்பிகள்தான் இருக்கும். ஐப்பசி மழை பிடித்துவிட்டால் மூடி மூடாமல் நூலைச் சுற்றிக் கட்டிக் கொண்டுவருவார்கள். பொங்கலுக்குள் மறுபடி பெட்டி காலியாகிவிடும்.

ஒரு மேசையிலிருந்து பார்த்ததை வைத்து நாட்டுக்கே கணக்குச் சொல்ல முடியாதுதான். ஆனால், இந்தியாவின் பல ஊர்களில் எடுத்த மாதிரிகளை ஒப்பிட்டு 2015இல் வெளியான ஆய்வும் இதையே காட்டியது. டெல்லி, லக்னோ, புனே, ஆலப்புழை போன்ற ஊர்களில் ஃப்ளூ ஜூன் முதல் அக்டோபருக்குள், அதாவது தென்மேற்குப் பருவமழையோடு, உச்சத்துக்குப் போகிறது. சென்னையிலும் வேலூரிலும் அது வடகிழக்குப் பருவமழையோடு அக்டோபர், நவம்பரில் உச்சம் காண்கிறது. ஸ்ரீநகரில் மட்டும்தான் ஐரோப்பாவைப் போல ஜனவரி முதல் மார்ச் வரை. மலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் ஆலப்புழைக்கும் இந்தப் பக்கம் இருக்கும் வேலூருக்கும் ஒரே நாளில் ரயிலில் போய்ச் சேரலாம். ஃப்ளூவின் நாட்காட்டி மட்டும் இரண்டுக்கும் வேறு. குளிர்நாடுகளில் காற்று வறண்டிருக்கும்போது பரவும் இதே வைரஸ், வெப்பநாடுகளில் பெரும்பாலும் மழைக்காலத்தில்தான் பரவுகிறது.

இனி, அது எங்கிருந்து வருகிறது என்ற கேள்வி. ஒரு நாட்டில் பருவம் முடிந்ததும் ஃப்ளூ வைரஸ் அங்கேயே ஒடுங்கிக் கிடந்து அடுத்த ஆண்டு எழுகிறது என்று சிலரும், வட கோளத்துக்கும் தென் கோளத்துக்கும் இடையே மாறி மாறிப் போய்வருகிறது என்று சிலரும் நெடுங்காலம் கருதிவந்தார்கள். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் காலின் ரஸ்ஸலும் அவரோடு பல நாட்டு ஆய்வாளர்களும் 2002 முதல் 2007 வரை உலகெங்கும் கிடைத்த, எச்3என்2 என்ற ஃப்ளூ வகையைச் சேர்ந்த சுமார் 13,000 வைரஸ்களை ஒப்பிட்டு, 2008இல் வேறொரு விடை சொன்னார்கள். கிழக்கு, தென்கிழக்கு ஆசியாவில் ஊருக்கு ஊர் ஃப்ளூ பருவம் முன்பின்னாக வருவதால், ஓரிடத்தில் அடங்கும் நேரத்தில் இன்னோரிடத்தில் தலைதூக்கி, தொடரோட்டத்தில் கோலைக் கைமாற்றுவதைப் போல வைரஸ் ஆண்டு முழுவதும் ஓய்வின்றிச் சுற்றிக்கொண்டிருக்கிறது என்பதும், அந்தச் சுற்றிலிருந்து பிரியும் புதிய வகைகள் முதலில் ஆஸ்திரேலியா பக்கமும் வட அமெரிக்காவுக்கும் ஐரோப்பாவுக்கும் போய், அதன்பிறகே தென் அமெரிக்காவை எட்டுகின்றன என்பதும் அவர்கள் கண்டவை. குளிர்நாட்டிலிருந்து நமக்கு வருகிறது என்று எழுதிய தங்கள் கட்டுரையாளர் வண்டியைத் திசை மாற்றி ஓட்டியிருக்கிறார்.

எல்லா ஃப்ளூவும் இப்படித்தான் என்றும் சொல்லிவிடக் கூடாது. 2000 முதல் 2012 வரையிலான 9,604 மரபணுத் தொடர்களை ஆராய்ந்து 2015இல் வெளியான மற்றோர் ஆய்வில், 2009க்கு முந்திய பழைய எச்1என்1 என்ற ஃப்ளூ வகையும் ஃப்ளூவின் பி வகைகளும் ஒரே வட்டாரத்தில் பல பருவங்கள் தங்கிவிடுகின்றன என்றும், அவற்றைப் பரப்புவதில் கிழக்கு, தென்கிழக்கு ஆசியாவின் பங்கு குறைவு என்றும் தெரியவந்தது. அதற்குச் சொல்லப்பட்ட காரணம்தான் எனக்கு மிகவும் பிடித்தது. எச்3என்2 வேகமாக உருமாறுவதால் ஏற்கெனவே எதிர்ப்பாற்றல் உள்ள பெரியவர்களையும் பிடித்துக்கொள்கிறது. பெரியவர்கள் விமானம் ஏறுகிறார்கள். மெதுவாக மாறும் மற்ற வகைகள் பெரும்பாலும் குழந்தைகளைப் பிடிக்கின்றன. குழந்தைகள் பள்ளிக்கூடத்தைத் தாண்டி அதிக தூரம் போவதில்லை.

இவ்வளவும் தடுப்பூசிக்கு ஏன் முக்கியம் என்றால், எந்த வைரஸுக்கு ஊசி தயாரிப்பது என்பதை முன்கூட்டியே முடிவு செய்ய வேண்டியிருக்கிறது. 1952 முதல் இயங்கிவரும் உலக சுகாதார நிறுவனத்தின் கண்காணிப்பு வலையமைப்பு பல நாட்டு மாதிரிகளைப் பார்த்து, வட கோளத்துக்கு பிப்ரவரியிலும் தென் கோளத்துக்கு செப்டம்பரிலும் ஊசியில் சேர்க்க வேண்டிய வைரஸ் வகைகளின் கலவையைப் பரிந்துரைக்கிறது. அதற்குப் பிறகு, பெரும்பாலும் கோழி முட்டையில் வளர்த்து, ஊசியாக வெளிவர ஏறத்தாழ ஆறு மாதங்கள் ஆகும். 2003இல் சீனாவின் ஃபூஜியன் பெயரில் அறியப்பட்ட புதிய எச்3என்2 பரவுவது தெரிந்தும், முட்டையில் வளர்க்கத் தகுந்த வைரஸ் உரிய நேரத்தில் கிடைக்காததால் பழைய வகையையே சேர்க்க வேண்டியதாயிற்று. அந்தப் பருவத்தில் அமெரிக்காவில் மட்டும் 153 குழந்தைகள் ஃப்ளூவால் இறந்தது பரிசோதனைகளில் உறுதியானது.

இந்தியா வரைபடத்தில் வட கோளத்தில் இருப்பதால் அக்டோபரில் ஊசி போடு என்ற யோசனை நாடு முழுவதற்கும் பொதுவாகச் சொல்லப்படுகிறது. என் அக்கா புனேயில் இருக்கிறார். எழுபது வயதைத் தாண்டியவர். “அக்டோபரில்தான் போட வேண்டுமாம்” என்று காத்திருந்து ஆகஸ்டில் காய்ச்சலில் விழுந்து, பத்து நாள் படுத்து எழுந்த பிறகு, சொன்னபடி அக்டோபரில் போய் ஊசியும் போட்டுக்கொண்டார். புனேக்கும் டெல்லிக்கும் ஆலப்புழைக்கும் பொருத்தமான காலம் தென்மேற்குப் பருவமழைக்கு முந்திய ஏப்ரல், மே. தென் கோளத்துக்கான கலவை அப்போது தயாராகவும் இருக்கும். சென்னைக்கும் வேலூருக்கும் வட கோளக் கலவையே பொருந்தும். ஆனால் ஊசி போட்டபின் எதிர்ப்பாற்றல் உருவாக இரண்டு வாரங்கள் தேவை என்பதால், செப்டம்பருக்குள் போட்டுவிடுவது நல்லது. நவம்பர் கடைசி என்பது ஸ்ரீநகர்க்காரருக்கு வேண்டுமானால் உதவும்.

இதோடு ஒரு மனக்குறையையும் சொல்லிவிடுகிறேன். மழைக்காலம் வந்தாலே நம் பத்திரிகைகளில் ‘மர்மக் காய்ச்சல்’ என்ற தலைப்பு வந்துவிடுகிறது. 2009இல் பரவிய எச்1என்1, அதன் பெருந்தொற்றுக் கட்டம் முடிந்ததாக 2010 ஆகஸ்டில் அறிவிக்கப்பட்ட பிறகு, மற்றப் பருவகால ஃப்ளூக்களில் ஒன்றாகத்தான் இருக்கிறது; அதையும் இன்றுவரை பன்றிக் காய்ச்சல் என்றே எழுதுகிறோம். பரிசோதனையில் வகை தெரிந்திருந்தால், எச்3என்2 என்றோ பி விக்டோரியா என்றோ அந்தப் பெயரையே தாங்கள் அச்சிடலாம். வாசகர்கள் புரிந்துகொள்வார்கள், கொரோனா காலத்தில் டெல்டாவையும் ஒமிக்ரானையும் டீக்கடையில் பேசியவர்கள்தாம் நாம்.

கடைசியாக, கட்டுரையின் பெட்டிச் செய்தியில் நான்கு வகை வைரஸ்கள் இப்போது பரவிவருவதாக இருந்தது. அவற்றில் பி யமகட்டா, உலகம் ஊரடங்கில் கிடந்த 2020 மார்ச்சுக்குப் பின் எங்கும் உறுதியாகக் கண்டறியப்படவில்லை. அதைத் தடுப்பூசியில் சேர்க்கத் தேவையில்லை என்று உலக சுகாதார நிறுவனத்தின் ஆலோசனைக் குழு 2023 செப்டம்பரில் கூறிவிட்டது. அடுத்த இதழில் நான்கை மூன்றாகத் திருத்தி வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
வேலூர்.