கறுப்பு வெள்ளைப் படங்களும் நம்ம ஊர்ச் சனங்களும்

சுங்கை சிப்புட், மலேசியா

அன்புள்ள குமரா,

நலம்தானே? தங்கச்சிக்கு முட்டிவலி இப்போது தேவலையா? இங்கே எல்லாரும் சுகம். சின்னவளுக்கு ஈப்போவில் வேலை கிடைத்துவிட்டது, தினமும் பஸ்ஸில் போய் வருகிறாள்.

கோயில் மண்டபத்தில் பழைய படம் போடுகிறோம் என்று போனில் சொன்னேனே, அதைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். மாதம் ஒரு சனிக்கிழமை. நன்றாக இருட்டிய பிறகு எட்டு மணிக்குத் தொடங்குகிறோம். ஜன்னலுக்கெல்லாம் கறுப்புத் துணி கட்டிவிடுவோம். கறுப்பு வெளிறிச் சாம்பலாகிவிட்டால் இந்தப் படங்களில் பாதி போய்விடும்.

முதலில் மௌனப் படம்தான் என்று பிடிவாதமாக இருந்தேன். பையன்கள் சாப்ளின் கேட்டார்கள். நான் இயக்குநர் முர்னாவின் 'தி லாஸ்ட் லாஃப்' போட்டேன். 1924-ல் ஜெர்மனியில் எடுத்தது. பெரிய ஹோட்டல் வாசலில் பளபளக்கும் சீருடையோடு நிற்கும் ஒரு கிழவர். வயதாகிவிட்டதென்று சீருடையைப் பிடுங்கிக்கொண்டு கழிவறையில் துண்டு நீட்டும் வேலைக்கு அனுப்பிவிடுகிறார்கள். வசனம் காட்டும் எழுத்து அட்டை கிட்டத்தட்ட இல்லவே இல்லை. கிழவராக நடித்த எமில் ஜானிங்ஸின் முதுகு கூனிக்கொண்டே போவதில் எல்லாம் தெரிந்துவிடுகிறது. தோட்டம் மூடிய பிறகு டவுனில் ஜாகா (காவல்காரர்) வேலை பார்த்த மாமா ஒருவர் முன்வரிசையில் இருந்தார். விளக்குப் போட்டதும், "அந்த ஆளுக்குச் சம்பளம் போனது பெருசில்ல தம்பி, சட்டை போச்சே, அதான்" என்றார். நாம் படித்த விமர்சனங்களில் இதைவிடச் சரியாக யார் சொல்லியிருக்கிறார்கள்?

பிரதி தேடும்போது வேகத்தைக் கவனி. அந்தக் காலத்தில் பல படங்களை நொடிக்கு 16 முதல் 20 ஃபிரேம் வரை எடுத்தார்கள். அதை அப்படியே 24-ல் ஓடவிட்டால் மனிதர்கள் பொம்மை மாதிரித் துள்ளுவார்கள். மௌனப் படமென்றாலே கோமாளித்தனம் என்ற எண்ணம் வந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

அப்புறம் நுவார், அதாவது இருட்டும் நிழலுமாக எடுத்த அந்தக் காலக் குற்றப் படங்கள். இதையும் மௌனப் படத்தையும் பிரித்துப் பேசுவதில் எனக்கு உடன்பாடில்லை. ஹிட்லர் வந்ததும் ஃபிரிட்ஸ் லாங், பில்லி வைல்டர், ராபர்ட் சியோட்மாக் மாதிரியான சினிமாக்காரர்கள் எல்லாரும் ஜெர்மனியை விட்டுக் கிளம்பி, பிறகு ஹாலிவுட் போய்ச் சேர்ந்தார்கள். பெர்லினில் கற்ற நிழலும் கூடவே போனது. வியன்னாவில் எடுத்த 'தி தேர்ட் மேன்' (1949) படத்தில் இருட்டு வாசலில் நிற்கும் ஆர்சன் வெல்ஸின் முகத்தில் சட்டென்று ஜன்னல் வெளிச்சம் விழுமே, அவர் ஒரு வார்த்தை பேசுவதில்லை. அந்த இடம் முழுக்க முழுக்க மௌனப் படம்தான்.

ஆனால் மண்டபமே அதிர்ந்தது நம்ம 'அந்த நாள்' போட்டபோதுதான். 1954-ல் பாட்டே இல்லாமல் ஒரு தமிழ்ப் படம்! இயக்குநர் எஸ். பாலசந்தருக்கு என்ன துணிச்சல் பார். ஆரம்பத்திலேயே சிவாஜி சுடப்பட்டுச் செத்துப்போகிறார். அவரைப் பற்றி ஒவ்வொருவரும் சொல்வதாகவே கதை நகர்கிறது. பின்னணியில் 1943-ல் ஜப்பான்காரன் சென்னையில் போட்ட குண்டு. சிவாஜிதான் ஜப்பான்காரனுக்கு உளவு சொன்னவன் என்று தெரிந்ததும் மண்டபத்தில் சலசலப்பு. போர்க் காலத்தில் ஜப்பான்காரன் சயாம் ரயில் பாதை போடப் பிடித்துக்கொண்டு போன அண்ணன் திரும்பி வராத பாட்டி ஒருவர் அங்கே இருந்தார். மனைவியாக வரும் பண்டரிபாய் துப்பாக்கியைத் தூக்கியது சரிதான் என்று அவர் அடித்துச் சொன்னார். பையன்கள் ஒத்துக்கொள்ளவில்லை, புருஷனாயிற்றே என்றார்கள். டீ ஆறிப்போகும்வரை வாக்குவாதம். சென்னையில் பார்த்தவர்களைவிட நம் மலாயா சனங்களுக்கு இந்தப் படம் இன்னும் நெருக்கம் என்று எனக்கு அன்றுதான் உறைத்தது.

தீபாவளிக்கு நீ வரும்போது டென்மார்க் இயக்குநர் டிரையரின் ஜோன் ஆஃப் ஆர்க் மௌனப் படம் போட ஆசை. 1928-ல் வந்தது. அதன் முதல் வடிவம் தீயில் அழிந்ததென்றே எல்லாரும் நினைத்திருக்க, 1981-ல் நார்வேயில் ஆஸ்லோவுக்குப் பக்கத்தில் ஒரு மனநல மருத்துவமனை அலமாரியிலிருந்து அதன் பிரதி கிடைத்தது. உன் மகனை வயலினோடு அழைத்து வா. அந்தக் காலக் கொட்டகைகளில் ஆர்மோனியம், தபலா வாசித்தார்களே, அதுபோல அவன் திரைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வாசிக்கட்டும். முன்கூட்டியே ஒருமுறை படத்தைப் போட்டுக் காட்டிவிடு. எந்த வாரம் லீவு என்று சீக்கிரம் எழுது, கோயில் தலைவரிடம் மண்டபத்துக்குச் சொல்லி வைக்கவேண்டும்.

உன்
செல்வம்