அறிவியல் மன்றம்: 2024–25 ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

சுதந்திர தினமும் குடியரசு தினமும் கொடியேற்றி, மிட்டாய் வழங்கிக் கொண்டாடப்பட்டன. பிப்ரவரி 28, தேசிய அறிவியல் நாளில் ராமன் விளைவு பற்றி ஒரு சொற்பொழிவு நடந்தது. ஊருணிக் கரையில் மரக்கன்றுகள் நட்டோம். செயற்குழு முறைப்படி கூடியது. வந்தவர்கள் யார், வராதவர்கள் யார் என்பது வருகைப் பதிவேட்டில் இருக்கிறது.

ஆண்டின் முக்கிய வேலை, கோடை விடுமுறையில் பள்ளிப் பிள்ளைகளுக்கு மஞ்சள், பூச்சாறு போன்றவற்றால் அமிலம், காரம் கண்டறிய நடத்திய பயிற்சி. இது தேவைதானா என்று செயற்குழுவிலேயே கேள்வி எழுந்தது. “லிட்மஸ் தாள் கடையில் கிடைக்கிறது, நாலு கட்டு வாங்கிக் கொடுத்துவிட்டால் போகிறது” என்றார் ஓர் உறுப்பினர். அதற்கு என் பதிலை இங்கே பதிவு செய்துவிடுகிறேன். லிட்மஸே லைக்கன் என்கிற, பாசியும் பூஞ்சையும் சேர்ந்து வாழும் உயிரினம் ஒன்றிலிருந்து எடுக்கிற சாயம்தான். நம் வீட்டுக் குழம்புக்குத் தாளிக்கிற கல்பாசிக்கு அது உறவு. 1664இல் இங்கிலாந்தில் ராபர்ட் பாயில், வயலட் பூச்சாறு அமிலத்தில் சிவப்பதையும் காரத்தில் பச்சையாவதையும் எழுதி வைத்தார். பூவில் தொடங்கிய பாடம் இது. பூவைக் காட்டாமல் தாளை மட்டும் கையில் கொடுத்தால், பிள்ளைகள் சிவப்பு, நீலம் என்று மனப்பாடம் செய்து பரீட்சையோடு மறந்துவிடுகிறார்கள்.

முதலில் மஞ்சள். வடிதாளை மஞ்சள் கரைசலில் நனைத்து நிழலில் உலர்த்தினோம். சுண்ணாம்புத் தெளிநீரை ஈர்க்குச்சியில் தொட்டு அந்தத் தாளில் பெயர் எழுதச் சொன்னதும், எழுத எழுதச் செக்கச்செவேல் என்று எழுத்து விழுந்தது. அதன்மேல் எலுமிச்சைச் சாறு பட்டதும் சிவப்பு போய்ப் பழையபடி மஞ்சளானது. “அப்போ ஆலாத்தித் தண்ணி சிவக்கிறதும் இதுதானா?” என்று ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி கேட்டாள். அதேதான். குழம்புக் கறை பட்ட வேட்டி சோப்பு போட்டதும் சிவப்பதற்கும், புதிதாகச் சுண்ணாம்பு அடித்த சுவரில் ஈர மஞ்சள் தாளை ஒற்றினால் சிவப்பதற்கும் காரணம் ஒன்றே. நான் சொல்வதற்கு முன் அவளாகவே அதைப் பிடித்துக்கொண்டாள். இதற்காகத்தான் இந்தப் பயிற்சி வேண்டும் என்று நின்றேன்.

ஆனால் மஞ்சளுக்குக் காரம் மட்டும்தான் தெரியும். புளித்தண்ணீரும் உப்புத்தண்ணீரும் அதற்கு ஒன்றுதான், இரண்டிலும் மஞ்சளாகவே இருக்கும். அமிலத்தையும் காட்டுகிற நிறங்காட்டி வேண்டுமே என்று செம்பருத்தி, சங்குப்பூ இரண்டையும் வெந்நீரில் ஊறப்போட்டோம். அப்புறம் கவுனி அரிசி. விருந்துக்கு ஊறவைத்த கவுனியின் தண்ணீரை ஆச்சி ஒருவர் தூக்குவாளியில் கொடுத்தனுப்பினார். கருஊதா நிறம். எலுமிச்சை பிழிந்த டம்ளரில் அது பளிச்சென்று சிவந்தது. ஆப்ப சோடாவில் நீலம் தட்டியது. சுண்ணாம்புத் தெளிநீரில் பச்சைக்குப் போனது. உப்புத்தண்ணீரில் மாற்றமே இல்லை. இந்த அரிசிக்குக் கறுப்பைக் கொடுக்கும் அந்தோசயனின்தான், செம்பருத்தியிலும் சங்குப்பூவிலும் நிறமாக இருக்கிறது. கவுனி இல்லாத கல்யாண விருந்து நம் பக்கத்தில் உண்டா? அந்தத் தண்ணீர் இத்தனை காலம் சாக்கடைக்குப் போயிருக்கிறது.

பாதுகாப்பு பற்றிக் கேட்டார்கள். கழிவறை ஆசிட், பிளீச்சிங் பவுடர் எதையும் உள்ளே விடவில்லை. சுண்ணாம்புத் தெளிநீரைப் பெரியவர்கள்தான் ஊற்றினோம். கண்ணில் படாமல் பார்த்துக்கொண்டோம்.

பயிற்சிக்குப் பிள்ளைகள் நேரத்துக்கு வந்தார்கள். பொறுப்பு ஏற்ற உறுப்பினர்களில் பாதிப்பேரைக் காணோம். வர இயலவில்லை என்று முன்கூட்டி ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் வேறு ஆளை ஏற்பாடு செய்திருப்பேன். ஒரு பள்ளியில் இடம் தருவதாகச் சொல்லிக் கடைசி நேரத்தில் மறுத்துவிட்டார்கள். உறுப்பினர் ஒருவர் தம் வீட்டு வளவைத் திறந்துவிட்டதால்தான் பயிற்சி நடந்தது.

வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். வரவும் செலவும் ஏறக்குறைய சரிக்குச் சரி, கையிருப்பு சொற்பம். பயிற்சிக்கு ஆன செலவு வடிதாள், டம்ளர், தேநீர், அவ்வளவுதான். சந்தா நிலுவை மட்டும் ஆண்டுக்கு ஆண்டு கூடிக்கொண்டே போகிறது. நிலுவை வைத்திருப்பவர்களில் பலர் வசதியில்லாதவர்கள் அல்லர். பெயர்களைப் படிக்க வேண்டாம் என்று தலைவர் கேட்டுக்கொண்டதால் விடுகிறேன்.

இடம் தந்த உறுப்பினர், கவுனித் தண்ணீர் தந்த ஆச்சி, தலைவர், பொருளாளர், தணிக்கையாளர் அனைவருக்கும் மன்றத்தின் நன்றி.

வரும் ஆண்டில் முற்றத்தில் பிடிக்கிற மழைத்தண்ணீரையும் கிணற்றுத் தண்ணீரையும் பிள்ளைகளே சோதிக்க வேண்டும் என்பது என் ஆசை. மழைநீர் காற்றிலுள்ள கரியமில வாயுவைக் கரைத்துக்கொண்டு லேசான அமிலமாக, அமில, கார அளவைச் சொல்லும் பி.எச். எண் 5.6 அளவில் இறங்குகிறது. இந்தச் சின்ன வித்தியாசத்தைப் பூச்சாறு துல்லியமாகக் காட்டாது. பி.எச். மீட்டர் ஒன்று வேண்டும். கையிருப்பில் அதை வாங்க முடியாது. காரைக்குடியில் சிக்ரி எனப்படும் மத்திய மின்வேதியியல் ஆய்வகம் 1953இல் திறந்ததற்குப் பின்னால், வள்ளல் அழகப்பர் கொடுத்த 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் இருந்தன. நாம் கேட்பது ஒரு மீட்டர். சென்னையிலும் சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் இருக்கிற நம் உறுப்பினர்கள் அடுத்த முறை ஊருக்கு வரும்போது மன்றத்துப் பக்கமும் ஒரு நடை வரலாம். வந்தால் பிள்ளைகள் செய்து காட்டுவார்கள்.

சந்தா செலுத்த வேண்டியவர்கள் கூட்டம் முடிந்ததும் பொருளாளரைப் பார்க்கவும். ரசீதுப் புத்தகம் அவரிடம் இருக்கிறது.

இங்ஙனம்,
செயலாளர்