பவளப்பாறையின் விலை படகுக் கட்டணம் அல்ல

ஐயா, மன்னார் வளைகுடாவில் உள்ள குருசடைத் தீவுப் படகுச் சுற்றுலாவின் வருவாய் குறித்துத் தங்கள் நாளிதழில் வெளியான செய்தியைப் படித்தேன். கண்ணாடி அடித்தளப் படகில் பவளப்பாறைகளைக் காண மக்கள் ஆர்வத்துடன் வருவது மகிழ்ச்சிக்குரியது. ஆனால், அவற்றின் மதிப்பைப் பயணச்சீட்டு வசூலைக் கொண்டு மட்டும் அளப்பது பெரும் பிழை. மீன் குஞ்சுகளுக்குப் புகலிடமாகவும், கரையை அரிக்கும் அலைகளுக்குத் தடுப்பாகவும் அவை நாள்தோறும் செய்யும் பணிக்கு எவரும் ரசீது போடுவதில்லை என்பதால், அது கணக்கிலேயே வராமல் போகிறது. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளில் பூவரசன்பட்டியும் விலங்குசல்லியும் கடலுக்குள் மூழ்கியதற்கு, சுற்றியிருந்த பவளப்பாறைகளைச் சுண்ணாம்புக்காக வெட்டி எடுத்தது முக்கியக் காரணம். என் சிறுவயதில் எங்கள் கடற்கரையில் வள்ளம் வள்ளமாக அக்கற்கள் வந்து இறங்கியதைப் பார்த்திருக்கிறேன். எங்கள் பழைய வீட்டின் பின்சுவரில் காரை உதிர்ந்த இடத்தில், அந்தப் பவளக் கற்களின் பூ அடுக்கியது போன்ற துளைகள் இன்றும் தெரிகின்றன.

2016-இல் கடல்நீர் வெப்பத்தால் இங்குள்ள பவளங்கள் வெளுத்து, பல மடிந்தன. மீதமுள்ளவற்றையாவது காக்க, கட்டண வருவாயில் ஒரு பகுதியைத் தனி நிதியாக ஒதுக்கி, படகுகள் பாறை மீது நங்கூரம் பாய்ச்சாமல் கட்டி நிற்க நிலையான மிதவைகள் அமைக்கவும், கரையோர மீனவ இளைஞர்களைச் சம்பளத்துடன் பவளக் கண்காணிப்பாளர்களாக நியமிக்கவும், அந்நிதியின் வரவு செலவை ஆண்டுதோறும் படகுத்துறையில் எழுதி வைக்கவும் வனத்துறை முன்வர வேண்டும்.

— வாசகர், மண்டபம்