ஜெர்மானியம் என்று சொல்லி சிலிக்கான் அனுப்பியது பற்றி, கூடவே சுருங்கிப்போன என் ஆக்டோபஸ் பற்றியும்

வாடிக்கையாளர் சேவைப் பிரிவினருக்கு,

வணக்கம். இது நான் உங்களுக்கு எழுதும் நான்காவது கடிதம். முதல் மூன்றுக்கும் வந்த பதிலை ஒரே வரியில் அடக்கிவிடலாம்: பற்றவைக்கும்போது டிரான்சிஸ்டரைச் சூடாக்கிக் கெடுத்தது நான்தான், பொருத்திய கிட்டைத் திரும்பப் பெற மாட்டீர்கள். அதே பதிலை மறுபடி அனுப்புவதற்கு முன் இதை ஒருமுறை முழுசாகப் படித்துவிடுங்கள். நீளமாகத்தான் இருக்கும், என்ன செய்வது, சுருக்கமாக எழுதிய மூன்றையும் நீங்கள் படித்த மாதிரி தெரியவில்லை.

நான் வாங்கியது உங்கள் ஜெர்மானியம் ஃபஸ் பெடல் கிட், அதாவது கிட்டார் ஒலியைக் கரகரப்பாக்கும் பெடலை நாமே கட்டிக்கொள்வதற்கான பாகங்கள். 1966-இல் லண்டனில் ஆர்பிட்டர் வெளியிட்ட ஃபஸ் ஃபேஸ், அந்த வட்டப்பெட்டிப் பெடலின் சுற்றுதான் இதுவும். இரண்டு டிரான்சிஸ்டர், நான்கு ரெசிஸ்டர், மூன்று கெபாசிட்டர், இரண்டு பாட் (நாபைத் திருகி மாற்றும் ரெசிஸ்டர்), மொத்தம் பதினொரு உறுப்புகள், அவ்வளவுதான். இவ்வளவு சின்னச் சுற்றில் ஒலியைத் தீர்மானிப்பது பெரும்பாலும் அந்த இரண்டு டிரான்சிஸ்டர்கள்தான். அவை சரியில்லை என்றால் மிச்சம் இருப்பது ஒரு பெட்டியும் இரண்டு நாபும். நான் உங்களிடம் காசு கொடுத்ததே அந்த இரண்டு ஜெர்மானியம் டிரான்சிஸ்டர்களுக்காகத்தான், பின்னால் வந்த சிலிக்கான் வகைக்காக இல்லை. ரெசிஸ்டர் எங்கேயும் கிடைக்கும்.

சின்ன உறையில் வந்தன. உறையின் மேல் பேனாவால் "ஏசி128, சோதித்த ஜோடி, 78 / 115" என்று எழுதியிருந்தது. ஏசி128 ஒரு ஜெர்மானியம் டிரான்சிஸ்டர் வகை, எண்கள் அவற்றின் கெயின், அதாவது மின்சாரத்தை எத்தனை மடங்கு பெருக்கும் என்பது. கையெழுத்தைப் பார்த்ததும் எனக்கு உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது, யாரோ உட்கார்ந்து ஒவ்வொன்றாக அளந்து ஜோடி சேர்த்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். முதல் டிரான்சிஸ்டர் 70, 80 பக்கமும் இரண்டாவது 110, 120 பக்கமும் இருந்தால் இந்தச் சுற்று நன்றாகப் பாடும் என்பது இதைக் கட்டுகிற எல்லோருக்கும் தெரிந்த கணக்கு, எண்கள் அச்சாக அதற்குப் பொருந்தியிருந்தன.

இப்போது உங்கள் சூடு விஷயத்துக்கு வருகிறேன். ஜெர்மானியத்துக்குச் சூடு ஆகாது என்று தெரிந்துதான் நான் டிரான்சிஸ்டர்களைப் பற்றவைக்கவே இல்லை. ஐசி சாக்கெட் பட்டையிலிருந்து மும்மூன்று துளையாக வெட்டி எடுத்து, அந்தச் சாக்கெட்டைத்தான் போர்டில் பற்றவைத்தேன். போர்டு முழுசாக ஆறிய பிறகு டிரான்சிஸ்டர்களை அதில் செருகினேன். சால்டரிங் அயர்ன் அவற்றின் பக்கமே போகவில்லை. இதை முதல் கடிதத்திலேயே எழுதியிருந்தேன், படமும் இணைத்திருந்தேன்.

செருகி, 9 வோல்ட் பேட்டரி மாட்டி, கிட்டாரை இணைத்தேன். சத்தம் வந்தது. வராமல் இருந்திருந்தால்கூட என் பிழையோ என்று தேடியிருப்பேன். வந்த சத்தம் கீச்சென்று, ஓரங்கள் கூர்மையாக, தகரத்தைக் கத்தரிப்பது போல இருந்தது. கிட்டாரின் வால்யூமைக் குறைத்தால் ஜெர்மானியம் ஃபஸ் அப்படியே தெளிந்து, கிட்டத்தட்ட பெடலே இல்லாத மாதிரி மணி ஓசைக்கு வந்துவிடும், இந்தப் பழைய சுற்றை இன்னும் ஆட்கள் கட்டுவதற்குக் காரணமே அதுதான். இதில் வால்யூமைக் குறைத்தால் கீச்சுச் சத்தம் சின்னக் கீச்சுச் சத்தமாக ஆனது.

அப்புறம்தான் மல்டிமீட்டரை எடுத்தேன். டயோடு சோதனை நிலையில் வைத்து, டிரான்சிஸ்டரின் மூன்று கால்களில் பேஸுக்கும் எமிட்டருக்கும் நடுவில் அளந்தால் ஜெர்மானியம் 0.2 வோல்ட் பக்கம் காட்டும், 0.3-ஐத் தாண்டாது. சிலிக்கான் 0.6-க்கு மேல் காட்டும். உங்களுடையவை 0.66, 0.67. என் மீட்டர்தான் பொய் சொல்கிறதோ என்று, செத்துப்போன பழைய ரேடியோ ஒன்றிலிருந்து கழற்றி வைத்திருந்த ஜெர்மானியம் டிரான்சிஸ்டரை அதே மீட்டரில் வைத்தேன். 0.18. மீட்டர் சரியாகத்தான் இருக்கிறது. சூடு ஜெர்மானியம் டிரான்சிஸ்டரைக் கொல்லும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எவ்வளவு சூடாக்கினாலும் அது சிலிக்கானாக மாறாது.

இது போதாது என்று கசிவும் அளந்தேன், அதாவது பேஸுக்கு எதுவும் கொடுக்காதபோதே டிரான்சிஸ்டர் வழியாக ஓடும் மின்சாரம். 9 வோல்ட், மூன்றாவது காலான கலெக்டரில் 2.47கே (2,470 ஓம்) வரும்படி சேர்த்த ரெசிஸ்டர், பேஸை எதிலும் இணைக்காமல் விட்டு அந்த ரெசிஸ்டரின் குறுக்கே வோல்ட்டேஜ் பார்ப்பது. ஜெர்மானியம் என்றால் சும்மா இருக்கும்போதே கொஞ்சம் கசியும், மீட்டரில் ஏதாவது ஒரு எண் தெரியும். உலோகத் தொப்பியை விரலால் பிடித்தால் உடல் சூட்டுக்கே அந்த எண் மேலே ஏறும், விட்டால் மெதுவாக இறங்கும். ரேடியோவிலிருந்து எடுத்தது அப்படித்தான் ஏறி இறங்கியது. உங்கள் இரண்டும் 0.00-வில் கல் மாதிரி நின்றன, இரண்டு நிமிடம் பிடித்திருந்தும் அசையவில்லை. பிறகு 2.2 மெகா ஓம் வழியாக பேஸுக்கு மின்சாரம் கொடுத்தேன். இந்த முறையில் வரும் வோல்ட்டேஜை நூறால் பெருக்கினால் ஏறத்தாழ கெயின். ஒன்று 241, இன்னொன்று 256. உறையில் 78, 115. அந்த எண்கள் எந்த டிரான்சிஸ்டரை அளந்து எழுதப்பட்டவை என்று தெரிந்துகொள்ள எனக்கு உண்மையிலேயே ஆசை.

சுற்றும் அதே கதையைத்தான் சொல்கிறது. இரண்டாவது டிரான்சிஸ்டரின் கலெக்டரில் 4.5 வோல்ட் பக்கம் இருக்க வேண்டும், எனக்கு வந்தது 2.7. உங்கள் ஆள் மூன்றாவது பதிலில் "8.2கே ரெசிஸ்டரை மாற்றிப் பாருங்கள்" என்று எழுதியிருந்தார். பார்த்தேன். 5.8கே பக்கம் இறக்கினால் 4.5 வந்துவிடுகிறது. வந்தும் ஒலி சிலிக்கான் ஒலியாகவேதான் இருக்கிறது, ஏனென்றால் உள்ளே இருப்பது சிலிக்கான். தவறாக எடுத்துக்கொள்ளாதீர்கள், சிலிக்கான் ஃபஸ் மட்டம் என்று நான் சொல்லவில்லை. பிசி108 என்ற சிலிக்கான் டிரான்சிஸ்டர் வைத்து நானே ஒன்று கட்டியிருக்கிறேன், பிடித்துத்தான் வாசிக்கிறேன். அதைச் சிலிக்கான் என்று சொல்லித்தான் வாங்கினேன், கொடுத்தவரும் அப்படிச் சொல்லித்தான் கொடுத்தார்.

சரி, அடுத்தது பெயிண்ட். கிட்டோடு சேர்த்து உங்கள் பெயிண்டிங் தொகுப்பையும் வாங்கியிருந்தேன்: பூச்சில்லாத அலுமினியப் பெட்டி, பிரைமர், வெள்ளை, கிளியர் கோட், கூடவே ஒரு வழிமுறைத் தாள். பெட்டி நன்றாகத்தான் இருந்தது, ஓட்டைகள் எல்லாம் நேராக, ஃபுட்ஸ்விட்ச் இழுபடாமல் உட்கார்ந்தது. 220 உப்புத்தாள், பிறகு 400, ஆல்கஹாலில் துடைத்து, விரல் ரேகைகூடப் படாமல் கையுறை போட்டுக்கொண்டு பிரைமர் அடித்தேன். வெள்ளை அடித்து ஒரு வாரம் விட்டேன். பிறகு தூரிகையில் அக்ரிலிக் தொட்டு ஒரு ஆக்டோபஸ் வரைந்தேன். இரண்டு நாபும் அதன் கண்கள். எட்டுக் கைகளில் ஒன்று ஃபுட்ஸ்விட்ச்சைச் சுற்றி வளைந்து பிடித்திருக்கும், இன்னொன்றின் நுனியில் எல்இடி. 112-க்கு 60 மில்லிமீட்டர் இடத்துக்குள் எட்டுக் கைகளையும் ஒன்றின் மேல் ஒன்று ஏறாமல் அடக்குவதற்கு மூன்று முறை அழித்து வரைய வேண்டியிருந்தது. மூன்று வார இறுதிகள் போயின. எனக்கு ஓவியம் அவ்வளவாக வராது, ஆனால் இது வந்தது.

உங்கள் தாளில் கிளியர் கோட்டுக்கு "ஒவ்வொரு பூச்சுக்கும் இடையில் 4 மணி நேரம்" என்று இருக்கிறது. அப்படியே செய்தேன், கடிகாரம் வைத்து. இரண்டாவது பூச்சு அடித்த பத்து நிமிடத்தில், என் கண் முன்னால், ஆக்டோபஸ்ஸின் தலை பாட்டி கன்னம் மாதிரி சுருங்க ஆரம்பித்தது. பிறகு டப்பாவை எடுத்து, பூதக்கண்ணாடி கேட்கும் எழுத்தில் அச்சிட்டிருந்ததைப் படித்தால், அடுத்த பூச்சை 1 மணி நேரத்துக்குள் அடிக்க வேண்டும், தவறினால் 48 மணி நேரம் பொறுக்க வேண்டும் என்று போட்டிருக்கிறது. காரணமும் எளிதுதான். நடுவில் அடித்தால் பழைய பூச்சின் மேல்தோல் மட்டும் காய்ந்திருக்கும், அடியில் இன்னும் இளக்கமாக இருக்கும், புதுப் பூச்சிலிருக்கும் கரைப்பான் உள்ளே இறங்கி அதை ஊதவைக்கும், மேல்தோல் சுருங்கும். அதாவது உங்கள் தாள் சொன்ன 4 மணி நேரம், டப்பா அடிக்கவே கூடாது என்று சொல்லும் இடைவெளிக்குள் இருக்கிறது.

டப்பாவை முதலிலேயே படித்திருக்க வேண்டும், அது என் தவறு. எந்தப் பெயிண்டுக்கும் டப்பா சொல்வதுதான் சட்டம் என்று மற்றவர்களுக்கு நானே சொல்லியிருக்கிறேன், வெட்கமாக இருக்கிறது. அதனால் பாதிப் பழியை நான் எடுத்துக்கொள்கிறேன். மீதிப் பாதி, அந்தத் தாளையும் அந்த டப்பாவையும் ஒரே அட்டைப்பெட்டியில் போட்டு அனுப்பியவர்களுக்கு.

ஃபஸ் பாட் தலைகீழ் டேப்பர் (டேப்பர் என்பது திருகத் திருக எதிர்ப்பு மாறும் விதம்), அதாவது சி வகை, என்று உங்கள் விவரப் பட்டியலில் இருக்கிறது, வந்தது சீராக மாறும் பி. திருப்பத்தின் கடைசித் துளியில்தான் எல்லா ஃபஸ்ஸும் ஒளிந்திருக்கிறது. எல்இடி ரெசிஸ்டர் வரவே இல்லை. இரண்டுக்காகவும் நான் சண்டைக்கு வரவில்லை, என் இழுப்பறையில் வேறு இருந்தன.

ஆனால் ஒன்றை நீங்கள் இன்றே சரிசெய்ய வேண்டும். இது பிஎன்பி வகை டிரான்சிஸ்டரில் ஓடும் சுற்று, பாசிட்டிவ் பக்கம்தான் எர்த், மற்றப் பெடல்களில் பெரும்பாலும் நெகட்டிவ் பக்கம். இதை மற்றப் பெடல்களோடு ஒரே அடாப்டரில் சங்கிலியாகப் பிரித்து மாட்டினால், கிட்டார் கேபிளின் எர்த் வழியாக அடாப்டரின் பிளஸ்ஸும் மைனஸும் நேராகத் தொட்டுக்கொள்ளும். ஷார்ட். உங்கள் தாளில் ஒரு சாதாரண டிசி ஜாக் படம் போட்டு "எந்த 9 வோல்ட் பெடல் அடாப்டரும் போதும்" என்று எழுதியிருக்கிறீர்கள். நான் பேட்டரியில் ஓட்டினேன், தப்பித்தேன். முதல் முறையாகக் கட்டுகிற யாரோ ஒருவர் உங்கள் தாளை நம்பி அடாப்டரைக் கருக்குவார், அவருக்கும் சால்டரிங் சரியில்லை என்றுதான் பதில் போகும்.

எனக்கு வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். இரண்டு உண்மையான ஜெர்மானியம் டிரான்சிஸ்டர்கள், கெயினும் கசிவும் தனித்தனியாக எழுதி. சாதாரண மீட்டரின் கெயின் துளையில் வைத்தால் கசிவும் சேர்ந்து எண் பெரிதாகத் தெரியும், அந்த எண் எனக்கு வேண்டாம். அப்படி உங்களிடம் இல்லை என்றால் கிட்டின் முழுப் பணத்தையும் திருப்பிக் கொடுங்கள், இருக்கிறது என்று சொல்லி வேறொன்றை மறுபடி அனுப்பாதீர்கள். ஒரு வெற்று அலுமினியப் பெட்டியும் ஒரு கிளியர் கோட் டப்பாவும் வேண்டும், சுருங்கிய பெட்டியைச் சுரண்டி மறுபடி வரைய எனக்கு மனசில்லை. தாளில் இரண்டு வரிகளைத் திருத்துங்கள், கிளியர் கோட் வரியையும் அடாப்டர் வரியையும். போர்டையும் ஃபுட்ஸ்விட்ச்சையும் நான் வைத்துக்கொள்கிறேன், அவை அருமையாக இருக்கின்றன, அவற்றைத் தேர்ந்தெடுத்தவரிடம் அதைச் சொல்லிவிடுங்கள்.

இரண்டு டிரான்சிஸ்டர்களையும் நீங்கள் அனுப்பிய அதே உறையில் போட்டு இந்தக் கடிதத்தோடு வைத்திருக்கிறேன். கால்களை நறுக்கவில்லை. பதில் எழுதுவதற்கு முன் ஒரு லென்ஸை வைத்து, அந்த ஆறு கால்களில் எங்கேயாவது ஈயம் ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்