7, 15, 23, அப்புறம்?

ஜார்ஜ்டவுன், பினாங்கு

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. முட்டிவலி குறைந்திருப்பதில் நிம்மதி. இங்கே எல்லாரும் சுகம். பேத்திதான் என்னைப் படாதபாடு படுத்துகிறாள்.

எந்த முழு எண்ணையும் அதிகம்போனால் நான்கு வர்க்க எண்களின் (1, 4, 9, 16 மாதிரி) கூட்டலாக எழுதிவிடலாம், 1770-இலேயே லக்ராஞ்ச் என்ற கணித மேதை நிறுவிவிட்டார் என்று பேச்சுவாக்கில் சொல்லி வைத்தேன். "மூணு போதாதா தாத்தா?" என்றாள். போதாத எண்களை நீயே தேடு என்று விட்டுவிட்டேன். மாமாக் கடையில் பசியாறப் போனால் அங்கேயும் ரசீதின் பின்பக்கத்தில் கணக்கு. 7, 15, 23 என்று பிடித்துவிட்டாள். எட்டு எட்டாகக் கூடுகிறது, அடுத்தது 31 என்று ஒரே குதி. இடையில் 28-க்கும் மூன்று போதாமல் அது குறுக்கே வந்து நின்றதும் அந்த முகத்தைப் பார்க்கணுமே! ரொட்டி சானாய் ஆறி அவலாகிவிட்டது.

இதைப் பார்த்து மகனுக்கு ஆசை பிடித்துக்கொண்டது. அக்‌ஷய் வெங்கடேஷ் மாதிரி ஆக்கணுமாம். டெல்லியில் பிறந்து ஆஸ்திரேலியாவின் பெர்த்தில் வளர்ந்த கணித வல்லுநர். 12 வயதில் அனைத்துலகக் கணித ஒலிம்பியாட்டில் வெண்கலம், 13-இல் பல்கலைக்கழகம், 20-இல் பிரின்ஸ்டனில் முனைவர் பட்டம், 2018-இல் கணிதத்தின் உச்ச விருதான பீல்ட்ஸ் பதக்கம். மகன் இதை வாய்ப்பாடு மாதிரி ஒப்பிக்கிறான்.

அந்த 20-க்கும் பதக்கத்துக்கும் நடுவில் நடந்ததை அவன் சொல்வதில்லை. முனைவர் பட்டம் முடிக்கும் சமயம், தன் ஆய்வேடு சுமார்தான் என்று அவருக்கே தோன்றியிருக்கிறது. கணிதத்தை விட்டுவிடலாமா என்றுகூட யோசித்து, உறவினர் ஒருவரின் கணினி நிறுவனத்தில் கொஞ்ச காலம் வேலையும் பார்த்திருக்கிறார். பிறகு அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்துத்தான் கணிதத்திலேயே தங்கினார். எல்லன்பர்க் என்பவரோடு சேர்ந்து இருபடி வடிவங்களை (x² + y² + z² மாதிரிக் கோவைகள்) பற்றிச் செய்த வேலை அதற்கப்புறம் வந்ததுதான். நம் பேத்தி ரசீதில் கிறுக்குகிறாளே, அந்தக் கேள்வியின் பரம்பரைதான் அதுவும். 2008-இல் கும்பகோணத்தில் சாஸ்த்ரா ராமானுஜன் பரிசும் வாங்கினார். ராமானுஜன் 32 வயதில் போய்ச் சேர்ந்தாரே, அந்தப் பரிசுக்கும் அதுதான் வயது வரம்பு.

மகன் இப்போது கூடுதலாக இரண்டு டியூஷனுக்குப் பணம் கட்டத் துடிக்கிறான். பிள்ளை 28-ஐக் கட்டிக்கொண்டு அழட்டும், அவசரப்படுத்தாதே என்றால், "அப்பா, உங்கள் காலம் வேறு" என்கிறான். உன்னிடம் ஐந்தாம் படிவத்தில் கணக்குப் படித்தவன்தானே. நீ சொன்னால் கேட்பான். ஞாயிற்றுக்கிழமை வீட்டில்தான் இருப்பான், ஒரு போன் போட்டுப் பேசேன்.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுத் தோழன்