மாயவரத்துப் பென்சிலும் என் ஒரு வருஷமும்

கும்பகோணம்
தை 5

அன்புள்ள பாலு,

உன் கடிதம் பொங்கலுக்கு முதல் நாளே வந்துவிட்டது. பேரன் பேத்திகள் வந்திருந்த அமளியில் உட்கார்ந்து பதில் எழுத முடியவில்லை. முழங்கால் ஆபரேஷன் முடிந்து கைத்தடி இல்லாமலே மாடி ஏறுகிறாய் என்று படித்ததும் நிம்மதி. சொல்லிக்கொடுத்த பயிற்சியை மட்டும் விட்டுவிடாதே. உன் சோம்பல் எனக்குத் தெரியாதா? இங்கே எல்லோரும் சௌக்கியம். கமலாவுக்குச் சர்க்கரை கொஞ்சம் கட்டுக்குள் வந்திருக்கிறது. மாடித் தண்ணீர்த்தொட்டியை மாற்றினோம். ஊர்ச் செய்தி அவ்வளவுதான்.

இனி உன் குத்தலுக்கு வருகிறேன். போன பொங்கலன்று ஆரம்பித்த வேலை இந்தப் பொங்கலோடு முடிந்தது. தினம் ஒரு படம் எடுக்க வேண்டும், அன்று ராத்திரியே கம்ப்யூட்டரில் திருத்தி எடுத்துவைக்க வேண்டும், மறுநாளைக்குத் தள்ளக்கூடாது. இதுதான் ஏற்பாடு. நாலு வரி பாராட்டிவிட்டுக் கடைசியில் கேட்டாயே, "எடிட் பண்ணாத படம் ஒண்ணாவது இருக்கா? இல்ல எல்லாமே கம்ப்யூட்டர் எடுத்ததா?" என்று!

டேய், இதை நீ கேட்கலாமா? மாயவரத்தில் உன் இருட்டறையில் சிவப்பு பல்பின் கீழ் ஹைப்போ மருந்து வாடையில் எத்தனை ஞாயிற்றுக்கிழமை உனக்குத் தட்டு ஆட்டிக்கொடுத்திருக்கிறேன். கல்யாணப் பெண்ணின் நெகட்டிவைச் சாய்வு மேஜையில் வைத்து, பென்சிலை ஊசி மாதிரி சீவிக்கொண்டு, கன்னத்துப் பருவின் மேல் புள்ளி புள்ளியாக வைத்துக்கொண்டிருப்பாய். நெகட்டிவில் கரி ஏறினால் பிரிண்டில் அந்த இடம் வெளுக்கும். பரு போயிற்று, கண்ணுக்குக் கீழ் கருவளையம் போயிற்று. மாமியார் முகத்தில் பத்து வயசும் போயிற்று. அப்புறம் படத்தைப் பெரிதாக்கும் என்லார்ஜருக்குக் கீழே கம்பியில் அட்டைத் துண்டைச் செருகி ஆட்டி ஆட்டி முகத்துக்கு வெளிச்சத்தைக் குறைத்து நிறத்தைத் தூக்குவாய். அட்டையில் ஓட்டை போட்டு வானத்தை மட்டும் இன்னும் கொஞ்சம் வெளிச்சத்தில் வேகவைத்துக் கறுக்கவிடுவாய். அந்த இரண்டு வேலையும் அதே பெயரோடு இன்றைக்கும் கம்ப்யூட்டரில் இருக்கின்றன. டாட்ஜ், பர்ன். நீ பென்சிலில் செய்தால் கலை, நான் மவுஸில் செய்தால் பித்தலாட்டமா?

ஆனால் உன் கேள்வியில் ஒரு நியாயம் இருக்கிறது. அதனால் முதல் வாரத்திலேயே ஒரு கோடு போட்டுக்கொண்டேன். வெளிச்சத்தைத் தொடலாம், பொருளைத் தொடக்கூடாது. கேபிள் ஒயரை விரலால் தேய்த்தால் காணாமல் போகச் செய்யும் வசதி இப்போது போனிலேயே இருக்கிறது. பெரிய தெருவைப் படம் எடுத்துவிட்டு ஒயரையெல்லாம் அழித்தால் அது எந்த ஊர்ப் படம்? கும்பகோணத்தில் ஒயர் இல்லாத ஆகாயத்தை நீ பார்த்திருக்கிறாயா? அதைத் தொடுவதில்லை. வெளிச்சம், நிறம், ஓரத்தை வெட்டுவது, சாய்ந்ததை நிமிர்த்துவது, இவ்வளவுதான்.

இந்த ராத்திரி வேலைதான் எனக்குப் பாடம் என்று சொன்னால் நீ நம்பமாட்டாய். எடுப்பது ஒரு நிமிஷம். திருத்த உட்காரும்போதுதான் பகலில் என்ன பார்க்கத் தவறினோம் என்று தெரிகிறது. உதாரணம் சொல்கிறேன். பிலிமில் நீ எனக்குக் கற்றுக்கொடுத்த முதல் விதி என்ன? "வெளிச்சம் கூடினா பரவால்ல, குறையக்கூடாது." நெகட்டிவுக்கு அது சரி. கொஞ்சம் கூடுதலாக வாங்கினாலும் அடர்த்தியாகி நிற்கும், பிரிண்டில் இறக்கிக்கொள்ளலாம். நிழலில் வெளிச்சம் விழாவிட்டால் அங்கே ஒன்றுமே இருக்காது. டிஜிட்டலில் இது தலைகீழ். மகாமகக் குளத்துப் படியில் நடுப்பகலில் வெள்ளை வேட்டியோடு உட்கார்ந்திருந்த ஒரு பெரியவரை எடுத்தேன். ராத்திரி திறந்து பார்த்தால் வேட்டி வெறும் வெள்ளைக் காகிதம். மடிப்பும் இல்லை, கரையும் இல்லை. எந்த ஸ்லைடரை இழுத்தாலும் வராது, ஏனென்றால் அங்கே பதிவே ஆகவில்லை. ஆனால் அவர் பின்னால் இருந்த கன்னங்கரிய மண்டப நிழலை ஏற்றினால் தூணும் வருகிறது, தூணில் சாய்த்துவைத்த சைக்கிளும் வருகிறது. மறுநாளிலிருந்து வெயிலில் எக்ஸ்போஷரை, அதாவது உள்ளே விடும் வெளிச்சத்தை, கொஞ்சம் குறைத்தே எடுக்கிறேன்.

கேமரா பதிந்ததைச் சுருக்காமல் அப்படியே வைத்திருக்கும் ரா ஃபைலில் எடு என்று உன் பையன்தான் லண்டனிலிருந்து சொன்னான். வழக்கமான ஜேபெக் படத்தில் ஒவ்வொரு நிறத்துக்கும் 256 படிகள்தான். என் கேமராவின் ரா ஃபைல் 14 பிட், அதில் 16,384 படிகள். நிழலை ஏற்றினால் வானம் பட்டை பட்டையாகப் பிளக்காமல் இருப்பது அதனால்தான். பாவம், அவனும் என்னோடு ஆரம்பித்தான். டிசம்பரில் விட்டுவிட்டான். அங்கே சாயங்காலம் நாலு மணிக்கு முன்பே பொழுது சாய்ந்துவிடுகிறது. ஆபீஸ் விட்டு வந்தால் எடுப்பதற்கு வெளிச்சம் ஏது? நமக்கு அந்தக் கஷ்டம் கிடையாது. ஆனியின் நீண்ட பகலுக்கும் மார்கழியின் குட்டைப் பகலுக்கும் சுமார் ஒன்றேகால் மணி நேரந்தான் வித்தியாசம்.

வெளிச்சம் மாறாத ஊர் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். தாராசுரத்துக்கு ஒரு வருஷம் போய்வந்ததில் அது போயிற்று. விமானத்தின் அடிப்பகுதியில் நாயன்மார் கதைகளைச் சின்னச் சின்னதாகச் செதுக்கியிருக்கிறார்களே, அதில் வடக்குப் பக்கத்தைத் தையில் எடுத்தால் தட்டையாக, சாம்பல் பூசினது போல இருக்கும். சூரியன் தெற்கே போய்விட்டதால் அந்தச் சுவருக்கு நேர் வெயிலே கிடையாது. படம் திருத்தும் லைட்ரூம் மென்பொருளில் கான்ட்ராஸ்ட், கிளாரிட்டி எல்லாம் ஏற்றிப் பார்த்தேன். கல் சொரசொரப்பாயிற்றே தவிர உருவம் எழும்பவில்லை. ஆனியில் காலை எட்டு மணி வாக்கில் மறுபடி போனேன். சூரியன் வடகிழக்கில் நின்று அதே சுவரை உரசிக்கொண்டு போகிறது. ஒவ்வொரு உருவத்துக்கும் ஒரு பக்கம் வெளிச்சம், ஒரு பக்கம் நிழல். மடக்கிய முழங்கால், கூப்பிய கை, கொண்டை முடிச்சு எல்லாம் தனித்தனியே தெரிகின்றன. அன்றைக்கு ராத்திரி எனக்கு வேலையே இல்லை. ஓரத்தை வெட்டினேன், முடிந்தது. நீ கேட்ட 'எடிட் பண்ணாத படம்' அதுதான் என்று வைத்துக்கொள். சித்திரையில் ஒரு நாளும் ஆவணியில் ஒரு நாளும் உச்சிவெயில் நேர் தலைக்கு மேல் வந்து நட்டுவைத்த குச்சிக்கு நிழலே இல்லாமல் போகும் தெரியுமா? அதையும் எடுத்தேன். படம் சுமார்தான், ஆனால் பேரனுக்குப் பிடித்தது.

பச்சையோடு பட்ட பாடு தனி. குறுவை நாற்றுப் பச்சையை போன் கேமரா பிளாஸ்டிக் பச்சையாக்கிவிடுகிறது. நிறத்தின் அழுத்தத்தை, அதாவது சாச்சுரேஷனை இறக்கி, மஞ்சளைக் கொஞ்சம் தள்ளி, வயலுக்குப் போய் நேரில் பார்த்துவிட்டு வந்து மறுபடி சரிபார்க்க வேண்டியிருந்தது.

முகம் அதைவிட வம்பு. தெருமுனை இட்லிக்கடை அம்மாவை போனில் எடுத்தால் தானாகவே வெளுத்துவிடுகிறது. கேமராவில் எடுத்து, அவர் நிறத்தை அப்படியே நிறுத்தி, பிரிண்ட் போட்டுக் கொடுத்தேன். "ஏன் சார் இப்படிக் கறுப்பாப் போட்டுட்டீங்க?" என்றார். என்ன சொல்வது? போன் படத்தையும் பிரிண்ட் போட்டுக் கொடுத்துவிட்டேன். கடையில் சாமி படத்துக்குப் பக்கத்தில் அதுதான் மாட்டியிருக்கிறது. உன் பென்சில் இன்னும் வேலை செய்துகொண்டுதான் இருக்கிறது பாலு.

நடு வருஷத்தில் சலிப்பு வந்தது, மறைக்க மாட்டேன். வீட்டில் இருக்கிற டம்ளர், தோசைக்கல், வடாம் எல்லாம் எடுத்தாயிற்று. அப்போது ஒரு மனுஷனைப் பற்றிப் படித்தேன். ஜேமி லிவிங்ஸ்டன், நியூயார்க்காரர். 1979 மார்ச் 31-லிருந்து தினம் ஒரே ஒரு போலராய்டு, எடுத்த உடனே பிரிண்டாகி வெளியே வருமே, அந்தப் படம். 1997 அக்டோபர் 25-இல் புற்றுநோயில் சாகும் வரை நிறுத்தவில்லை. அன்று அவருடைய 41-ஆவது பிறந்தநாள். ஆறாயிரத்துக்கு மேல் படங்கள். திருத்தம் கிடையாது, இரண்டாவது தடவை கிடையாது, வந்தது வந்ததுதான். உனக்கு ரொம்பப் பிடிக்கும். அவருடைய படங்களில் பாதி சாதாரணச் சாப்பாட்டு மேஜையும் சிநேகிதர்களும்தான். அதைப் பார்த்தபின் டம்ளரை மறுபடி எடுக்க எனக்குக் கூச்சமில்லாமல் போயிற்று.

பெரியம்மா தவறிய அன்று எடுக்கலாமா என்று யோசித்தேன். முகத்தை எடுக்க மனசு வரவில்லை. பந்தல்காரப் பையன் வாடகை நாற்காலிகளை இறக்கி, ஐந்தைந்தாக எண்ணி, திண்ணைச் சுவரில் கரித்துண்டால் கோடு போட்டுக்கொண்டிருந்தான். அதை எடுத்தேன். மறுநாள் அண்ணன் சுண்ணாம்பு அடித்துவிட்டார். கோடு என் படத்தில்தான் இருக்கிறது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். இதிலிருந்து பன்னிரண்டு மட்டும் பெரிதாகப் பிரிண்ட் போட ஆசை. எனக்குக் கழிக்கத் தெரியவில்லை. ஒவ்வொன்றுக்கும் பின்னால் அன்றைய நாள் ஒட்டிக்கொண்டு நிற்கிறது. உனக்கு அந்த ஒட்டுதல் கிடையாது. ஒரு ரோலில் முப்பத்தாறைப் பார்த்துவிட்டு மூன்றை மட்டும் வைத்துக்கொண்டு மீதியைத் தள்ளுகிறவன் நீ. முழங்கால் இடம் கொடுத்தால் மாசியில் வா. மாயவரத்திலிருந்து ரயிலில் முக்கால் மணி நேரந்தானே. வரும்போது அந்தப் பிஸ்கட் டின்னில் இருக்கும் பழைய நெகட்டிவுகளையும் எடுத்துவா. ஊட்டி ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸின் 'இந்து' பிலிமில் நாம் எடுத்த பூம்புகார்ப் படங்கள் அதில்தான் இருக்க வேண்டும். இங்கே ஸ்கேனர் வாங்கியிருக்கிறேன். பூஞ்சை பிடிக்காமல் இருந்தால் சரி.

ராஜிக்கு என் அன்பைச் சொல். வந்தால் இரண்டு நாள் தங்குகிற மாதிரி வா, அவளையும் கூட்டிக்கொண்டு.

உன்
சுந்தரம்